தெறித்த ஒளியைத் தேர்ந்தவர்

சென்ற ஆண்டு மாரிகாலத்தில் ஒரு மாலை பாலபண்டித வகுப்பிலே நிகண்டுப் பாடம் நடந்துகொண்டிருந்தது. மணிகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வருகையில் சந்திரகாந்தம் வந்தது. நிலவு பட்டால் நீர் கசியும் கல் என்று, என் ஆசிரியர் எனக்குச் சொன்னவாறே யானும் பொருள் சொன்னேன். பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, அங்ஙனம் நீர் கசிந்ததை ஐயா கண்டதுண்டோ என வினவினான். கண்டதில்லை, அது புலவர் வழக்கு என்றேன். அவன் விட்டானில்லை. மீட்டியாகொடையில் அகழ்ந்தெடுத்த சந்திரகாந்தக் கல் பதித்த மோதிரம் ஒன்று தன் பாட்டியிடம் இருக்கிறதாம். அதில் தோன்றும் நீல ஒளி கல்லின் உள்ளேயிருந்து வருகிறதா, மேற்பரப்பிலே பட்டுத் திரும்புகிறதா, கல்லை உடைக்காமலே அதனை அறிய வழி உண்டா என்று கேட்டான்.

இலக்கணத்திலே ஐயம் எழுந்தால் உரையாசிரியர்களிடம் ஓடலாம். இதற்கு எங்கே ஓடுவது? அயற் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் சென்றேன். அவர் சிரித்துவிட்டு, இந்த வினாவுக்கு விடை காண முயன்றவர் நம்மவரே என்று சொல்லி, 1950 இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்கட்டுரையின் படியை எடுத்துக் கொடுத்தார். இலங்கைச் சந்திரகாந்தக் கற்களின் அமைப்பும் ஒளியியல் நடத்தையும் என்பது அதன் தலைப்பு. எழுதியோர் மூவர், முதற்பெயர் சேர் சி. வி. இராமன்.

இராமன் என்றவுடன் 1928, இராமன் விளைவு, நோபல் பரிசு என்று மனனஞ் செய்தவர்களே நம்மிற் பலர். யானும் அவர்களுள் ஒருவன். அந்தக் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, நண்பரின் உதவியோடு அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படித்தபோதுதான், அந்த வாழ்வு முழுவதையும் ஊடுருவி ஓடும் இழை ஒன்று என் கண்ணிற் பட்டது. ஒரு பொருளிலிருந்து நம் கண்ணுக்குத் திரும்பி வரும் ஒளியிலே அப்பொருளுக்கு உரியது எது, பிறிதொன்றிலிருந்து வந்தது எது என்று பிரித்தறிவதே அவருடைய தொழிலாக இருந்தது. பதினெட்டு வயதிலே தொடங்கிய அத்தொழிலை அவர் எண்பது கடந்தும் விட்டாரில்லை.

1888 ஆம் ஆண்டு நவம்பர் 7 ஆம் திகதி திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவிலே, தாய்வழிப் பாட்டனார் வீட்டிலே சந்திரசேகர வேங்கடராமன் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர். விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றிலே அவருக்கு வேலை கிடைத்ததால் குடும்பம் அங்கே சென்றது. பிள்ளை பதினொரு வயதிலே மெற்றிக்குலேசன் தேறினார். பின்னர் சென்னை மாநிலக் கல்லூரி. 1904 இல் பீ. ஏ. தேர்வில் முதலிடமும் பொற்பதக்கமும். இங்கிலாந்து சென்று மேற்படிப்புப் படிக்கலாம் என்று ஆசிரியர்கள் சொன்னபோது, இந்த மெலிந்த உடம்பு அந்நாட்டுக் குளிரைத் தாங்காது என்று வைத்தியர் தடுத்துவிட்டார். அந்த வைத்தியருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும் போலும்.

மாணவராக இருந்த காலத்திலே, கண்ணாடி அரியம் ஒன்றின் கோணத்தை அளந்துகொண்டிருந்தார். வகுப்பிலே எல்லா மாணவரும் செய்யும் பயிற்சிதான். அரியத்தின் முகத்திலே ஒளி மிகச் சாய்வாகப் பட்டுத் தெறிக்கும்போது, பிம்பத்தின் இரு மருங்கிலும் தோன்றும் கோணற் பட்டைகள் ஒத்தனவாக இல்லை என்பதை அவர் கண்டார். ஒளி ஓர் இடுக்கின் விளிம்பிலே வளைந்து பரவுவதையே கோணல் என்கிறோம். அதனால் உண்டாகும் பட்டைகள் இருபுறமும் சமமாக இருக்கும் என்பதே நூல்களின் கூற்று. மற்றை மாணவர்கள் கோணத்தைக் குறித்துக்கொண்டு வீடு சென்றிருப்பர். இராமன் பட்டைகளைக் குறித்துக்கொண்டு இருந்தார். எழுதியதைப் பேராசிரியரிடம் கொடுத்தார். மாதங்கள் பல சென்றும் மறுமொழி இல்லை. பின்னர் தாமே இலண்டனிலிருந்து வெளிவந்த பிலொசொபிக்கல் மகசீன் என்ற ஏட்டுக்கு அனுப்பினார். 1906 நவம்பர் இதழில் அது வெளிவந்தது. எழுதியவருக்கு வயது பதினெட்டு. முதற் கட்டுரையே தெறித்த ஒளியைப் பற்றியது என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க.

அக்காலத்திலே இந்தியன் ஒருவன் ஆராய்ச்சி செய்து பிழைத்தல் அரிது. ஆகவே நிதித்துறைத் தேர்வு எழுதி அதிலும் முதல்வராகத் தேறி, 1907 இல் உலோகசுந்தரி அம்மையாரை மணந்து, கல்கத்தாவிலே உதவிக் கணக்காளர் நாயகமாகப் பதவி ஏற்றார். ஒரு நாள் திராம் வண்டியிற் செல்லும்போது பௌபசார் வீதியிலே இந்திய விஞ்ஞான விருத்திச் சங்கம் என்ற பெயர்ப்பலகையைக் கண்டு இறங்கினார் என்பர். வைத்தியர் மகேந்திரலால் சர்க்கார் 1876 இல் நிறுவிய சங்கம் அது. கருவிகள் உண்டு, கையாள்வார் இல்லை. விடியலிலே அங்கே, பின் அலுவலகம், மாலையிலே மீண்டும் அங்கே என்று பத்து ஆண்டுகள் கழிந்தன. இடையிலே இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் இடமாற்றம். வீணையின் தந்தியையும் மிருதங்கத்தின் நடுவில் இடும் கரும்பூச்சையும் அவர் ஆராய்ந்தமை சங்கீத வித்துவான்கள் தனியே எழுதவேண்டிய கதை. 1917 இலே ஏறத்தாழப் பாதிச் சம்பளத்துக்குக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துப் பாலித் பேராசிரியராகச் சென்றார். வீட்டிலே என்ன சொன்னார்களோ, ஏட்டில் இல்லை.

இனிச் சொல்லப்போவது எனக்கு நாணந் தரும் பகுதி. கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று கீழ்வகுப்புப் பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம், வானத்தின் நிறம் நீரிலே தெறிக்கிறது என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்தவன் யான். இது வெறும் பண்டிதர் பிழை அன்று. இங்கிலாந்தின் பெரும் பௌதிக அறிஞராகிய இறேலிப் பிரபுவும் கடலின் கருநீலத்தை அவ்வாறே விளக்கியிருந்தார். பெரியாரோடு சேர்ந்து பிழைத்தோம் என்று ஆறுதல் கொள்ளலாமாயினும், அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் இன்றும் அதனையே தம் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறார்களோ என்று நினைக்க மனம் குறுகுகிறது.

1921 இலே பிரித்தானியப் பேரரசின் பல்கலைக்கழகங்களின் மகாநாட்டுக்காக ஒக்ஸ்போர்ட் சென்ற இராமன், நார்க்குண்டா என்ற கப்பலிலே திரும்பினார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரை ஈர்த்தது. பிரபுவின் விளக்கத்தை ஏற்பதா என்று யோசித்தவர், சட்டைப்பையிலே வைத்திருந்த நைக்கல் அரியத்தை எடுத்தார். அது பளிங்கினாற் செய்த சிறு கருவி. ஒளியின் அதிர்வுகளில் ஒரு திசைக்கு உரியதை மட்டும் உள்ளே விட்டு மற்றதை மறிப்பது.

இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். நீரிலோ கண்ணாடியிலோ சாய்வாகப் பட்டுத் தெறிக்கும் ஒளியின் அதிர்வுகள் ஒரு திசைப்பட ஒழுங்குறுகின்றன. இதனை முனைவாக்கம் என்பர். பிரான்சு தேசத்து மாலூசு என்பவர் 1808 இல் இதனைக் கண்டார். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறித்த கோணத்திலே அவ்வொழுங்கு முழுமையாகிறது என்றும், அக்கோணம் அப்பொருளின் முறிவுச் சுட்டியைக் காட்டிக்கொடுக்கிறது என்றும் ஸ்கொத்துலாந்தின் புறூஸ்டர் 1815 இல் நிறுவினார். நீருக்கு அக்கோணம், நிலைக்குத்திலிருந்து ஏறத்தாழ 53 பாகை. பொருளைத் தொடாமலும் உடையாமலும், அதிலிருந்து தெறித்த ஒளியை மட்டுங்கொண்டு அதன் இயல்பை அளக்கும் கலைக்கு அதுவே அரிச்சுவடி.

இராமன் அக்கோணத்திலே கடலைப் பார்த்து, தெறித்த வானொளி மறையும்படி அரியத்தைத் திருப்பினார். வானத்தின் நிறம்தான் கடலின் நிறம் என்றால் இப்போது கடல் நிறமிழந்து கருத்திருக்க வேண்டும். அதுவோ முன்னிலும் தெளிந்த நீலமாக ஒளிர்ந்தது. மேற்பரப்பின் ஒளி நீங்கியது; நீரின் உள்ளிருந்து வந்த ஒளி நின்றது. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தைப் பாட்டிலே கண்டிருக்கிறோம். கப்பல் மேற்றளத்திலே அந்த அன்னம் நைக்கல் அரியமாக வந்தது. பம்பாய்த் துறையை அடைந்ததும் கடலின் நிறம் பற்றிய கடிதம் இங்கிலாந்தின் நேச்சர் இதழுக்குப் போயிற்று. நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறுவதே நீலத்துக்குக் காரணம் என்பது அவர் முடிபு. ஒளியின் செந்நிறப் பகுதியை நீர் விழுங்குவதும் இதிலே பெரும்பங்கு உடையது என்று இன்று கொள்வர். எவ்வாறாயினும் நீலம் நீருடையது. வானத்தினிடம் இரவல் வாங்கியது அன்று.

அங்கிருந்து 1928 வரை உள்ள வழியை யாவரும் அறிவர். திரவங்கள் சிதறிய ஒளியை ஏழு ஆண்டுகள் ஆராய்ந்து, சிதறும்போது ஒளியின் அலைநீளமே சிறிது மாறுகிறது என்பதைக் கண்டு, பெப்ரவரி 28 ஆம் திகதி அறிவித்தார். 1930 இல் நோபல் பரிசு. அந்த மாதங்களிலே இருட்டறையில் கண்ணைப் பழக்கி நோக்கிநோக்கிக் குறிப்பெழுதியவர் வத்திராயிருப்பிலே பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் என்பதை இங்கே சொல்லாமல் விடுதல் அறமன்று. பரிசு ஒருவருக்கே வந்தது.

யான் சொல்ல விழைவது அதன் பின்னே வந்த காலத்தை. 1933 இலே பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராகச் சென்றார். 1934 இல் இந்திய விஞ்ஞான அக்கடமியை நிறுவினார். கழகத்திலே பூசல்கள் எழுந்து 1937 இல் இயக்குநர் பதவியை விட்டார். பேராசிரியராக 1948 வரை இருந்தார். இந்த அலைச்சலுக்கிடையே, நோபல் பரிசு பெற்ற மனிதர் சிப்பிகளையும் பனங்காடையின் இறகுகளையும் கையில் எடுத்தார். உலகத்து அறிஞர்கள் அணுக்கருவைப் பிளக்கும் வழி தேடிய காலத்திலே, இது சிறுபிள்ளை விளையாட்டாகச் சிலருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

சிப்பியின் உட்புறம் ஒரு பொருளால் ஆனது அன்று. அரகோனைற்று என்ற கல்சியங் காபனேற்றுத் தகடுகள் ஓட்டுக் கூரைபோல் அடுக்கடுக்காக அமைந்திருக்க, அவற்றின் இடையே புரதப் பசை மெல்லிய படையாகப் பரவியிருக்கிறது. நிறையில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு அரகோனைற்று, மிகுதி பசை. தகடொன்றின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவிலே இருக்கும். ஒவ்வொரு தகட்டின் எல்லையிலும் ஒளியின் சிறுபகுதி தெறிக்கிறது. அவ்வாறு தெறித்தவை ஒன்றோடொன்று கூடுமிடத்து, சில நிறங்கள் வலுப்பெற்றுச் சில நிறங்கள் மாய்கின்றன. நண்பர் கணக்கிட்டுக் காட்டினார்: தகட்டின் தடிப்பு 400 நனோமீற்றர், முறிவுச் சுட்டி ஏறத்தாழ 1.6 என்று கொண்டால், நேரே நோக்குவார்க்கு 640 நனோமீற்றர் அலைநீளமுடைய செந்நிறம் மிகும். தடிப்பு 350 ஆயின் 560 நனோமீற்றர், பச்சை. மில்லிமீற்றரின் இருபதினாயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு, சிவப்பைப் பச்சையாக்கிவிடுகிறது! ஆகவே நிறத்தை அளந்தால் தடிப்பு தெரியும். சிப்பியைச் சாய்த்தால் நிறம் நீலத்தை நோக்கி நகரும். நகரும் அளவு முறிவுச் சுட்டியைச் சொல்லும்.

ஆனால் சிக்கல் உண்டு. சிப்பியிலிருந்து வரும் ஒளி ஒருவகைப்பட்டதன்று. மேற்பரப்பிலே தகடுகளின் விளிம்புகள் நுண்ணிய வரிகளாக நிற்கின்றன. அவையும் கோணலால் நிறம் காட்டும். சிப்பியை மெழுகிலே அழுத்தினால் அந்த நிறம் மெழுகுக்கும் வந்துவிடும் என்பதைப் புறூஸ்டரே கண்டிருந்தார். உள்ளேயுள்ள அடுக்குகளின் நிறம் மெழுகில் ஏறாது. இவற்றின் வேறாக, உள்ளே சிதறிப் பரவிய ஒளி தெறித்த விளக்கொளியைச் சூழ்ந்து வட்டமாக நிற்கும். இந்த மூன்றையும் இராமன் 1934 இல் தொடங்கிய கட்டுரைகளிலே வேறுவேறாகப் பிரித்துக் காட்டினார். பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லை. நல்ல விளக்கு, நுணுக்குக்காட்டி, முனைவாக்கும் கருவி, இரண்டு கண்கள். இருபது ஆண்டு கழித்து, 1954 இல், கிருஷ்ணமூர்த்தி என்பாரோடு முத்துக்களை ஆராய்ந்தபோதும் இதே வழியைத்தான் கையாண்டார். மன்னார்க் கடலிலே முத்துக்குளித்த மரபினர் நாம். மழைத்துளி சிப்பியின் வயிற்றிலே முத்தாகும் என்று பாடியவர்களும் நாம். முத்தின் ஒளியை அடுக்கடுக்காகப் பிரித்துப் படித்த தமிழர் ஒருவரை மட்டும் நம் பாடநூல்கள் 1928 உடன் நிறுத்திவிட்டன.

சந்திரகாந்தக் கல்லுக்கு வருவோம். 1948 இல் பெங்களூரிலே தமக்கென நிறுவிய இராமன் ஆராய்ச்சி நிலையத்திலே, ஜயராமன், ஸ்ரீநிவாசன் என்ற இளைஞர் இருவரோடு நம் நாட்டுக் கற்களை அவர் ஆராய்ந்தார். இக்கல் பெல்ஸ்பார் இனம். பொற்றாசியம் கலந்ததும் சோடியம் கலந்ததுமாகிய இருவகைப் பெல்ஸ்பார், சூடான நிலையிலே ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஆறும்போது ஒவ்வாத உறவினர்போல் பிரிகின்றன. ஆயினும் கல் இறுகிவிட்டமையால் வெளியேற வழியின்றி, உள்ளேயே கண்ணுக்குத் தெரியாத நுண்படைகளாய் ஒதுங்குகின்றன. இரண்டின் முறிவுச் சுட்டிக்கும் வேறுபாடு மிகச் சிறிது. அச்சிறு வேறுபாடே உட்புகுந்த ஒளியைச் சிதறித் திருப்புகிறது. படைகள் மிக நுண்ணியவாயின் நீல ஒளி. சற்றுத் தடித்தால் வெள்ளொளி. ஒரு கல் போலத் தோன்றுவது ஒரு கல் அன்று, இரண்டின் கூட்டு என்பதைத் திரும்பி வந்த ஒளியே சொல்லிவிடுகிறது. என் மாணவன் கேட்ட வினாவுக்கு விடை இதுவே.

இவ்வளவும் சொல்லி, அவர் வழுவியதைச் சொல்லாது விடுவேனாயின் யான் வரலாறு எழுதியவனாகேன், துதி பாடியவனாவேன். ஓப்பல் என்னும் மணி வானவில்லின் நிறங்களையெல்லாம் துண்டுதுண்டாகக் காட்டுவது. 1953 இல் ஜயராமனோடு அதனை ஆராய்ந்த இராமன், அதன் உள்ளே ஒழுங்காக அடுக்கிய அமைப்பு ஒன்று உண்டு என்றார். அது சரி. அவ்வடுக்குகள் சிலிக்காவின் இருவேறு பளிங்கு வடிவங்கள் மாறிமாறி வந்த படைகள் என்றார். அது பிழை. 1964 இல் அவுஸ்திரேலியாவிலே சாண்டர்ஸ் என்பவர் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் நோக்கியபோது, உள்ளே இருந்தவை படைகள் அல்ல; சிலிக்காவின் சின்னஞ்சிறு உருண்டைகள், குறுக்களவு மில்லிமீற்றரின் பல ஆயிரத்தில் ஒரு பங்கு, கடையிலே தோடம்பழம் அடுக்கியதுபோல் அடுக்கியிருந்தன. தெறித்த ஒளி, அடுக்குக்கும் அடுக்குக்கும் உள்ள இடைவெளியைச் சொல்லிற்று. அடுக்கப்பட்டது தகடா உருண்டையா என்பதை அது சொல்லவில்லை. சொல்லாததையும் சொல்லியதாகக் கொண்டதே பிழை.

தம் கண்ணிலே அவருக்கு அளவிறந்த நம்பிக்கை. அதுவே அவருக்குக் கடலின் நீலத்தைக் காட்டியது. அதுவே பிறர் சொல்லைக் கேளாதவாறும் செய்தது. பளிங்குகளின் அதிர்வு பற்றி ஜெர்மானிய அறிஞர் மக்ஸ் போணோடு நெடுங்காலம் வாதிட்டார். உலகம் போணின் பக்கமே நின்றது. நிறங்களைக் கண் காணும் வகை பற்றி 1968 இல் அவர் வெளியிட்ட நூலின் கொள்கையும் ஏற்கப்படவில்லை. தம் கருத்தை மறுத்தவர்களோடு அவர் இனிமையாக இருந்தார் என்று எவரும் எழுதக் காணேன்.

முதுமையிலே பூக்களின் நிறத்தைப் படித்தார். நிலையத்திலே தாம் சேர்த்த வைரங்களையும் மணிகளையும் சிப்பிகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் காண வரும் பாடசாலைப் பிள்ளைகளுக்கு விளக்குவதிலே அவருக்கு அலுப்பே தோன்றவில்லை. 1954 இல் பாரதரத்தினம் என்ற விருது வந்தது. 1970 நவம்பர் 21 ஆம் திகதி, எண்பத்திரண்டாம் வயதிலே மறைந்தார். நிலையத்துப் பூந்தோட்டத்திலேயே உடலுக்கு எரியூட்டினர். அவ்விடத்திலே ஒரு மரத்தை நட்டனர்.

தைப்பொங்கல் கழிந்து மாணவன் பாட்டியின் மோதிரத்தை வகுப்புக்குக் கொண்டுவந்தான். யன்னலைச் சாத்தி, ஒரு ரோச் விளக்கைப் பிடித்தோம். குவிந்த கல்லின் மேலே விளக்கின் ஒளி சிறு வெண்புள்ளியாய் நின்றது. உள்ளே நீலம் மேகம்போல் கிடந்தது. மோதிரத்தை மெல்லச் சாய்த்தான். வெண்புள்ளி இருந்த இடத்திலேயே இருக்க, நீலம் மட்டும் வழுகிச் சென்றது. ஐயா, இரண்டும் வேறு என்றான். நைக்கல் அரியம் இல்லாமலே பையன் பிரித்துவிட்டான்.

மறுவாரம் பௌர்ணமி. பாட்டியார் மோதிரத்தை முற்றத்துத் திண்ணையிலே நிலவில் வைத்துவிட்டு உறங்கினாராம். காலையிலே கல் நனைந்திருந்தது. பனி என்று பேரன் எவ்வளவு சொல்லியும், பண்டிதர் சொன்னதே சரி என்று அவர் ஒற்றைக்காலில் நிற்கிறாராம்.